பூட்டான் படங்களும் மூன்றாவது கேள்வியும்

நான் படம் ஓட்டும் இடம் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் உடை மாற்றிய மண்டபம். ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் சுரங்கங்களை மூடிய பிறகு அதற்குள் நூற்றுப் பத்துக் கதிரைகள் போட்டுச் சினிமா ஆக்கினார்கள். தொழிலாளர்கள் உடுப்பைச் சங்கிலியில் கட்டி மேலே இழுத்துவிட்ட கப்பிகள் சில இப்போதும் கூரையில் தொங்குகின்றன. பெரிய சினிமாக்கள் தொடாத படங்களைத்தான் நாங்கள் போடுவோம். சில நாட்களில் பன்னிரண்டு பேர் வருவார்கள். சில நாட்களில் மண்டபம் நிறையும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் படச் சுருளை இருட்டில் கையால் தடவியே இயந்திரத்தில் மாட்டுவேன். சத்தம் சற்று மாறினாலே எந்தச் சக்கரப் பல்லில் சிக்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்த வேலை எனக்குப் பொருந்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆட்களோடு பேச நேர்ந்தால் என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். படம் ஓட்டும் அறையில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் மட்டும் இருக்கிறது. அதனூடாக எல்லோருடைய பிடரியையும் நான் பார்க்கலாம். என்னை ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த ஆண்டுகளில் ஒரு வசந்த காலம். பூட்டானிலிருந்து மூன்று இளம் ஆட்கள் தங்கள் குறும்படங்களோடு வருகிறார்கள் என்று எங்கள் சினிமாவின் பொறுப்பாளரான ஜேர்மன் அம்மா சொன்னார். இரண்டு ஆண்கள், ஒரு பெண். தங்கள் நாட்டுச் சாதாரண மனிதர்களின் அன்றாட வாழ்க்கையையும், அவர்கள் என்ன ஆசைப்படுகிறார்கள் என்பதையும் ஆவணப்படமாக எடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை மூன்று படங்களையும் போடுவதாக ஏற்பாடு.

வீடியோக் கசற்றுகள் முன்கூட்டியே தபாலில் வந்துவிட்டன. எந்தப் படத்தையும் ஓட்டிப் பார்க்காமல் ஆட்களுக்குக் காட்டுவது என் வழக்கமில்லை. வியாழக்கிழமை காலை வெறும் மண்டபத்தில் தனியாக இருந்து மூன்றையும் பார்த்தேன். அடியில் ஆங்கில எழுத்து ஓடியது. எனக்கு டொச், அதாவது ஜேர்மன் எழுத்தே மெதுவாகத்தான் வரும், ஆங்கிலம் கொஞ்சமும் வராது. ஆகவே எழுத்தை விட்டுவிட்டு முகங்களைப் பார்த்தேன்.

முதல் படத்தில் ஒரு பெண் பெற்றோல் அடித்துக்கொண்டிருந்தாள். வாகனம் வராத நேரத்தில் குழாயை ஒலிவாங்கி போலப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று ஏதோ வாசித்தாள். செய்தி வாசிக்கப் பழகுகிறாள் என்று எனக்கு உடனே விளங்கியது. இரண்டாவது படம் மலைக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சிக் கம்பி இழுக்கும் ஒருவனைப் பற்றியது. நாள் முழுவதும் கம்பத்தில் ஏறி இறங்கி எல்லார் வீட்டிலும் படம் தெரியச் செய்துவிட்டு, மாலையில் தன் வீட்டுக்குப் போய் மனைவியோடு விளக்கடியில் சீட்டாடினான். அவன் வீட்டில் பெட்டி இல்லை.

மூன்றாவது படம் ஒரு விடுதிப் பள்ளியின் சமையல்காரியைப் பற்றியது. ஐம்பது வயது இருக்கும். காலை நான்கு மணிக்கு அடுப்பை மூட்டுகிறாள். முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு. மிளகாயைக் கூடையோடு கவிழ்த்துக் கொட்டுகிறாள். கமரா அவள் கையை விட்டு அசையவில்லை. படம் எடுத்தவன் அந்தச் சமையலறையில் பல நாட்கள் ஒன்றும் எடுக்காமலேயே நின்றிருக்க வேண்டும். அவள் அவனை மறந்துவிட்டாள். ஒருவர் இருப்பதை மறக்கும் அளவுக்கு அடங்கி நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அதுதான் நல்ல படம் என்று அப்போதே முடிவு செய்தேன். பதினாறு நிமிடம். கடைசியில் அவள் கமராவைப் பார்த்து ஒரு வசனம் சொல்லிச் சிரித்தாள். அது என்னவென்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளைக் கூப்பிட்டுக் கடைசி இடத்தை மட்டும் போட்டுக் காட்டினேன்.

"ஒரு நாளைக்காவது விடிஞ்சு எட்டு மணி வரைக்கும் நித்திரை கொள்ளவேணுமாம். அதுதான் அவவின்ரை கனவாம்," என்றாள்.

வெள்ளிக்கிழமைக்கு என் மனைவி சிற்றுண்டி செய்தாள். ரோல்ஸ், பற்றீஸ், உளுந்து வடை, கட்டாச் சம்பல். சிறப்பு நாட்களில் சினிமா அவளிடம்தான் கேட்கும். விருந்தினர் மூவரும் ஐந்து மணிக்கே வந்துவிட்டார்கள். தங்கள் நாட்டு உடையில் வந்திருந்தார்கள். ஆண்களுடையது முழங்கால் வரை வரும் அங்கி. இடுப்பை இறுக்கிக் கட்டி, நெஞ்சுப் பக்கம் துணியைப் பை போலத் தொங்கவிட்டிருந்தார்கள்.

பொறுப்பாளர் அம்மா தட்டைக் காட்டிச் சாப்பிடச் சொன்னார். மூவரும் ஒரே நேரத்தில் கையால் வாயை மூடிக்கொண்டு, "மேஷு, மேஷு" என்று பின்வாங்கினார்கள். அம்மா "சரி" என்று தலையாட்டிவிட்டு, தட்டை மேசையில் வைத்துவிட்டு, கதவடிக்குப் போனார். மூவருடைய கண்ணும் தட்டோடு போய்த் தட்டோடு நின்றது.

என் மனைவி தட்டைத் தூக்கினாள்.

"எடுங்கோ பிள்ளை, நல்ல உறைப்பு."

"மேஷு, மேஷு."

"கூச்சப்படாதேங்கோ. தம்பி, நீங்களும் ஒண்டு எடுங்கோ."

மகள் அவளுடைய முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, வேண்டாம் எண்டினம். விடுங்கோவன். இப்பிடி ஆக்களைப் பிடிச்சு அமத்தாதேங்கோ, வெக்கமாயிருக்கு."

"உனக்கு ஒரு அறுப்பும் தெரியாது. பசியோடை நிக்கிற முகம் எனக்குத் தெரியாதே?" என்று சொல்லி, மூன்றாம் தரம் தட்டை அவர்களுடைய நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். மூன்று கைகள் வாயை விட்டு இறங்கின. பத்து நிமிடத்தில் தட்டுக் காலி. அந்தப் பெண் சம்பலை விரலால் வழித்துத் தின்றுவிட்டு, மகளிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள்.

"ஜேர்மனிக்கு வந்து இண்டைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டவையாம்," என்று மகள் முணுமுணுத்தாள். "எல்லா இடத்திலையும் ஒருக்காத்தான் கேக்கினமாம்."

"இப்ப சொல்லு, ஆருக்கு அறுப்புத் தெரியாது எண்டு," என்றாள் மனைவி.

அன்று எண்பது பேர் வந்தார்கள். பெற்றோல் பெண்ணுக்குச் சிரித்தார்கள். கம்பிக்காரனுக்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சமையல்காரி தன் கனவைச் சொன்னபோது முதலில் ஒரு சிரிப்பு எழும்பி, பாதியில் நின்றது. பிறகு நெடுநேரம் கைதட்டினார்கள். ஜன்னலால் பார்த்தேன். படத்தை எடுத்த இளைஞன் முன்வரிசையில் தலையைக் குனிந்தபடி இருந்தான். மற்ற இருவரும் அவனை முதுகில் குத்திக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் எங்கள் சினிமாவில் வேறொரு காட்சி இருந்தது. பல நாட்டுக் குறும்படங்கள். அதைப் பார்க்க ரைன் கரை நகரமொன்றின் திரைப்படக் கல்லூரியிலிருந்து ஒரு ஆசிரியர் வருவார். அந்தக் காட்சியில் வரும் படங்களை எடுத்தவர்களில் ஒருவருக்கு ஆறு மாதம் படிக்க இடம் கொடுப்பார். அந்த வாரம் யாரோ ஒருவர் தன் படத்தை விலக்கிக்கொண்டதால் ஓரிடம் வெறுமையாக இருந்தது. பொறுப்பாளர் அம்மா கைதட்டல் ஓய்வதற்குள்ளேயே முடிவு செய்துவிட்டார் போல. நான் கசற்றுகளை எடுத்துக்கொண்டு கீழே வந்தபோது, அந்த இளைஞனிடம் ஞாயிற்றுக்கிழமை அவன் படத்தைப் போடலாமா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவன் வாயைக் கையால் மூடினான். உடம்பை வளைத்து, தலையை அசைத்தான். மற்ற இருவருடைய படங்களையும் கையால் காட்டினான்.

"பரவாயில்லை, புரிகிறது," என்று அவனுடைய தோளைத் தட்டிவிட்டு அம்மா போய்விட்டார்.

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அவர் போன கதவையே பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். திரும்பி வருவார் என்று பார்க்கிற பார்வை.

சனிக்கிழமை காலை தேநீரின்போது வீட்டில் சொன்னேன்.

"அவனுக்கு விருப்பம். ஒருக்காக் கேட்டுப்போட்டு விட்டிட்டா."

"அப்பா, அது சாப்பாடு, இது படிப்பு," என்றாள் மகள். "அவருக்கு உண்மையிலேயே ஏலாட்டி? சும்மா போய்க் கரைச்சல் குடுக்கப் போறியள்."

"விருப்பமில்லாதவன் கதவைப் பாத்துக்கொண்டு நிக்கமாட்டான்."

"அப்ப இஞ்சை இருந்து எனக்கேன் சொல்லுறியள்? அவவிட்டைப் போய்ச் சொல்லுங்கோ," என்றாள்.

"அதுக்குத்தானே உன்னைக் கூட்டிக்கொண்டு போகலாமெண்டு..."

மனைவி இடைமறித்தாள். "அவள் வரமாட்டாள். நீங்கள்தான் கண்டனியள், நீங்களே போய்ச் சொல்லுங்கோ. இருவது வருசமா இந்த நாட்டிலை இருக்கிறியள், ஒரு மனுசியோடை கதைக்க ஏலாதே?"

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சித் தாள் பன்னிரண்டு மணிக்குள் பிரதி எடுக்கும் கடைக்குப் போக வேண்டும். சனிக்கிழமைகளில் அந்தக் கடை அத்தோடு மூடிவிடும். பூட்டான்காரர்கள் பதினொரு மணிக்குத் தங்கள் கசற்றுகளை எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் பத்தரைக்கு அலுவலகக் கதவைத் தட்டினேன்.

அந்தக் கதவை நானாகத் தட்டியது அதுதான் முதல் தரம். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். இயந்திரம் பழுதா என்று கேட்டார்.

இல்லை என்றேன். சமையல்காரி படத்தைப் பற்றி என்றேன். அந்த இளைஞனிடம் இன்னொரு தரம் கேளுங்கள் என்றேன்.

"அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே," என்றார். "ஒருவர் வேண்டாம் என்ற பிறகு மறுபடி கேட்டால், அவருடைய சொல்லை நான் மதிக்கவில்லை என்று ஆகும். எனக்கு அது பிடிக்காது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவருடைய நாட்டில் அதுதான் மரியாதை. நான் நின்றபடியே சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன்.

"எங்கள் பக்கத்தில் ஒரு தரம் மட்டும் கேட்டால், மனதாரக் கேட்கவில்லை என்று அர்த்தம். உடனே ஓம் என்று சொன்னால், ஆசை பிடித்தவன் என்று அர்த்தம்."

"அவர் உங்கள் நாட்டுக்காரர் இல்லையே."

"இல்லை. ஆனால் நேற்று ரோல்ஸை மூன்றாம் தரம்தான் எடுத்தார்கள்."

அவர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். வேறு ஒருவருடைய படத்தைப் போட முடிவாகிவிட்டது, தாளில் பெயரை எழுதுவதுதான் மிச்சம் என்றார். அப்போதுதான், அதுவரை யாரிடமும் சொல்லாத விடயத்தைச் சொன்னேன்.

அந்தச் சினிமாவில் நான் முதலில் துப்புரவு வேலைக்குத்தான் சேர்ந்தேன். சேர்ந்த முதல் வருடம், படம் ஓட்டப் பழக விருப்பமா என்று இதே அம்மா கேட்டார். "நைன்", வேண்டாம் என்றேன். நான் படிக்காதவன், எனக்கு எங்கே முடியும் என்றேன். அடுத்த தரம் கேட்பார், அப்போதும் ஒரு தரம் மறுத்துவிட்டு, அதற்குப் பிறகு சம்மதிப்போம் என்று விளக்குமாற்றோடு அவருடைய பாதையிலேயே பல நாள் கூட்டிக்கொண்டு நின்றேன். கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினேன். மறு வாரம் ஒரு மாணவனை வேலைக்கு எடுத்தார். இரண்டு வருடம் நான் கதிரை துடைத்தேன். அவன் வேறு ஊருக்குப் போனபோது அம்மா திரும்பவும் கேட்டார். வசனத்தை முடிப்பதற்குள் "ஜா", ஓம் என்றேன்.

இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"ஆனால் நீங்கள் நைன் என்றுதானே சொன்னீர்கள்?"

"அது முதலாவது நைன்."

"மொத்தம் எத்தனை இருக்கிறது?"

"இரண்டு."

"இரண்டு வருடமும் அதற்காகவா காத்திருந்தீர்கள்?" என்று கேட்டார். "எனக்கு ஏன் சொல்லவில்லை?"

பதிலைத் தேடி முடிப்பதற்குள் வெளியே குரல்கள் கேட்டன. பூட்டான்காரர்கள் வந்துவிட்டார்கள்.

அம்மா எழுந்து வெளியே போனார். நான் பின்னால் போனேன். படச் சுவரொட்டிகள் ஒட்டிய நடைபாதையில் மூவரும் நின்றார்கள். அம்மா ஆங்கிலத்தில் கேட்டார். சொற்கள் புரியாவிட்டாலும் "சண்டே" என்பது புரிந்தது.

இளைஞன் வாயை மூடினான். குனிந்தான். வேண்டாம்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கன்னம் சிவந்திருந்தது. "பார்த்தீர்களா? இப்போது அவரைச் சங்கடப்படுத்திவிட்டேன்," என்று டொச்சில் சொன்னார்.

மகள் சொன்னது சரியாக இருந்தால் நான் இரண்டு பேருக்கும் வேண்டாத வேலை செய்துவிட்டேன். ஒரு கணம் அப்படியும் நினைத்தேன். ஆனால் அவனுடைய கால்களைப் பார்த்தேன். வேண்டாம் என்பவன் ஒரு அடியாவது பின்னால் வைப்பான். அவன் வைக்கவில்லை.

"இன்னும் ஒன்று," என்றேன்.

"இதற்கு மேல் கேட்பது தொந்தரவு."

"இன்னும் ஒன்றே ஒன்று."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அம்மா மூச்சை இழுத்துவிட்டு, அவனை நேரே பார்த்து, மெதுவாக, நீளமாக ஏதோ சொன்னார். அந்தப் படத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று தெரிந்தது. அடுப்பு மூட்டுவது போலவும், கூடையைக் கவிழ்ப்பது போலவும் கையால் காட்டினார். கடைசியில் கேட்டார்.

அவன் கையை இறக்கினான். "யெஸ்," என்றான். "தாங்க்யூ." கூட வந்த பெண் தன் மொழியில் ஏதோ சொல்லிச் சுவரோடு சாய்ந்து சிரித்தாள். அவன் அங்கியின் நெஞ்சுப் பைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினான். கைத்துணி, வெற்றிலைப் பொட்டலம், ஒரு பேனா, கடைசியாக ஒரு கசற் வெளியே வந்தது. அதை இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினான்.

பெண் விளக்கினாள், அம்மா எனக்கு மொழிபெயர்த்தார். நாங்கள் வெள்ளிக்கிழமை போட்டது பழைய பிரதியாம். அதை அனுப்பிய பிறகு அவன் படத்தோடு இன்னும் ஒரு நிமிடம் சேர்த்திருக்கிறான். யாராவது கேட்டால் கொடுப்பதற்காக, ஊரிலிருந்து புறப்பட்ட நாள் முதல் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான்.

அம்மா கசற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "பதினேழு நிமிடமா? இடம் பதினாறுக்குத்தானே," என்றார். ஜேர்மன்காரர் ஜேர்மன்காரர்தான். ஆனாலும் தாளில் பதினேழு என்று எழுதிக்கொண்டு கடைக்கு ஓடினார்.

அன்று பிற்பகல் அந்தக் கசற்றை இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தேன். நிறமும் ஒலியும் சரியாக இருந்தன. முதல் தரம் வேலைக்காகப் பார்த்தேன். இரண்டாம் தரம் எனக்காக.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒரு கதிரையும் மிச்சமில்லை. கல்லூரி ஆசிரியர் மூன்றாம் வரிசை ஓரத்தில் இருந்தார். கொழுத்த மனிதர். மடியில் ஒரு கொப்பி. எல்லாப் படத்துக்கும் இருட்டிலேயே ஏதோ எழுதினார். சமையல்காரி படத்துக்கும் எழுதினார். அவள் கனவைச் சொல்லிச் சிரித்ததும் மண்டபமும் சிரித்தது. படம் முடிந்தது என்று நினைத்து ஓரிருவர் கைதட்டத் தொடங்கினார்கள்.

அப்போது அந்தப் புதிய நிமிடம் வந்தது. பள்ளிக்கூட விடுமுறை. வேறு அறை. பிள்ளைகள் இல்லை, அடுப்பு இல்லை. சமையல்காரி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். சுவர்க் கடிகாரம் நாலே கால் காட்டுகிறது. நித்திரை கலைந்துவிட்டது. பிறகு கடிகாரம் ஐந்து காட்டுகிறது, ஆறு காட்டுகிறது. ஒவ்வொரு தரமும் அவள் அதே இடத்தில், கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருக்கிறாள். எட்டு மணி அடிக்கிறது. கண்ணைத் திறந்து, ஒரு வேலையை முடித்தவள் போலத் தலையை ஆட்டிவிட்டு எழும்பிப் போகிறாள்.

ஆசிரியருடைய கை எழுதவில்லை. கொப்பியை மூடி வைத்திருந்தார்.

விளக்குப் போட்டதும் அவர் நேரே முன்வரிசைக்கு, அந்த இளைஞனிடம் போனார். இரண்டு பேரும் கால் மணிக்கும் மேலாகப் பேசினார்கள். நடுவில் அம்மா ஒரு தரம் என் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். நான் என் அறை விளக்கைக் குறைத்துவிட்டு அடுத்த காட்சிக்கான சுருளை மாட்டத் தொடங்கினேன்.

பூட்டான்காரர்கள் திங்கட்கிழமை ரயிலேறினார்கள். கல்லூரியின் கடிதம் கோடை விடுமுறைக்கு முன்பு வந்தது. அம்மா அதைப் படம் ஓட்டும் அறைக்கு எடுத்துவந்து எனக்கு வாசித்துக் காட்டினார். குளிர்காலப் படிப்பு, ஆறு மாதம், தங்குமிடத்தோடு இடம் கொடுத்திருந்தார்கள். அவனும் சம்மதம் எழுதிவிட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மகள் தலையை நிமிர்த்தாமல், "சரி, சரி, நீங்கள்தான் சரி," என்றாள். மனைவி விரலை மடித்து மாதங்களை எண்ணினாள்.

"குளிர்காலமெண்டால் மார்கழியும் தையும் இஞ்சைதானே நிக்கவேணும்?"

"ஓம்."

"அந்த முழங்கால் மட்டும் வாற உடுப்போடை வந்து இறங்கப் போகுது பிள்ளை. உங்கடை அம்மாட்டைச் சொல்லுங்கோ, தடிச்ச காற்சட்டை ரெண்டு வாங்கவேணும், அளவைக் கேட்டு எழுதச் சொல்லி."

"வேண்டாம் எண்டுதான் எழுதுவான்."

"எழுதட்டும். நீங்கள் அளவைக் கேளுங்கோ," என்று சொல்லிவிட்டு, எந்தக் கடையில் கோடை மலிவு விற்பனை போடுகிறார்கள் என்று விளம்பரத் தாளைப் புரட்டத் தொடங்கினாள்.